கடற்கரைக்குக் குடிபோன ஞாயிற்றுக்கிழமை

“இல்லை இல்லை, பாப்பா அஞ்சு கிலோ நூறு கிராம்தான். பியானோ இருநூத்தம்பது கிலோ. அதையே நாலு மாடி ஏத்தியிருக்கேன், ஒரு கீறல் இல்லாம,” என்றார் அவர்.

யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. மகள் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி மட்டும் தலையைத் திருப்பாமல் பதில் சொன்னாள்.

“பியானோ அழுதா யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க.”

“நான் என்ன சொல்ல வந்தேன்னா, நாளைக்கு பீச்சுல, ரோட்டுல இருந்து தண்ணி வரைக்கும் பேத்தியை நான் தூக்கிட்டு வர்றேன். நேத்தே பஸ்ல போய் அளந்துட்டு வந்துட்டேன். படி பதினாலு. அதுக்கப்புறம் மணல்ல நூத்தி எண்பத்தாறு அடி. படியில மூணாவது படி மட்டும் கொஞ்சம் உடைஞ்சிருக்கு.”

“பாக்கலாம்பா,” என்றாள் மகள்.

அவருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மகள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். தினமும் நாற்பது பிள்ளைகள் ஜன்னல் சீட்டு கேட்கும், முன் சீட்டு கேட்கும், ஹாரன் அடிக்கக் கேட்கும். நாற்பது பேருக்கும் அவள் சொல்வது இந்தப் “பாக்கலாம்” ஒன்றுதான். இதுவரை ஒரு பிள்ளையும் ஹாரன் அடித்ததில்லை.

அவருடைய தொழில் வீடு மாற்றிக் கொடுப்பது. அடுத்தவர் வீட்டுக் கட்டில், பீரோ, பிரிட்ஜ், பாத்திரம், படம் எல்லாவற்றையும் கட்டி, இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கி வைப்பது. பத்தொன்பது வயதில் ஆரம்பித்து முப்பத்து நாலு வருஷமாகிறது. மாடிப்படியில் சாமானோடு இறங்கும்போது “ஓரம்! ஓரம்!” என்று கத்திக் கத்தி, லாரி ஷெட்டில் அவர் பெயரே ஓரம் என்று ஆகிவிட்டது. சின்னவர்கள் ஓரம் அண்ணன் என்பார்கள். முதலாளி வெறும் ஓரம் என்பார்.

எதைப் பார்த்தாலும் அவருக்கு எடையும் அகலமும்தான் முதலில் தெரியும். மகள் இந்த மாப்பிள்ளையை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்து, “எப்படிப்பா இருக்காரு?” என்று தனியாகக் கேட்டபோது, “அறுபத்தெட்டு கிலோ இருப்பாரு, ஒரு ஆளே தூக்கிடலாம்,” என்று சொன்னவர் அவர். அவர் வாயிலிருந்து வந்தால் அதுதான் பாராட்டு என்று மகளுக்குத் தெரியும். கல்யாணம் நடந்துவிட்டது. மாப்பிள்ளை மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர். சட்டைப் பையில் எப்போதும் குச்சி மாதிரி ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். இருவரும் அதே கட்டடத்தில் இரண்டு மாடி மேலே இருக்கிறார்கள்.

பேத்தி பிறந்த அன்றுதான் தப்பு நடந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். அவர் என்ன செய்வார் பாவம். கையில் ஒரு சாமானைக் கொடுத்தால் உடம்பு தானாகச் செய்கிற வேலையைச் செய்துவிட்டது. ஒரு தரம் ஏந்திப் பார்த்து எடை போட்டார். அப்படியே வலது தோளுக்கு ஏற்றினார். கதவின் அகலத்தைக் கண்ணால் அளந்தார். பக்கவாட்டில் திரும்பி வெளியே வந்தார். நடையில் நின்றிருந்த கூட்டத்தைப் பார்த்து, “ஓரம்! ஓரம்!” என்று ஒரு குரல் கொடுத்தார்.

ஊன்றுகோலோடு நின்றிருந்த ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். இரண்டு டாக்டர்களும் ஒட்டிக்கொண்டார்கள். கட்டிலில் கிடந்த மகள், பிரசவத்தின்போது கூடப் போடாத ஒரு கூச்சலைப் போட்டாள்.

அன்றைக்கு மகளிடமிருந்து சட்டம் வந்தது. உட்கார்ந்துகொண்டிருந்தால் மட்டும்தான் அப்பா குழந்தையை வாங்கலாம். வாங்கிய பிறகு எழக் கூடாது. அவர் மனைவி தலையணை தைக்கிற கம்பெனியில் வேலை பார்ப்பதால், சட்டத்துக்கு மேலே தலையணையும் சேர்ந்துகொண்டது. வலப்பக்கம் இரண்டு, இடப்பக்கம் இரண்டு, மடியில் ஒன்று, காலடியில் இரண்டு. ஏழு தலையணைக்கு நடுவே அவர் குழந்தையை வைத்துக்கொண்டு, கை மரத்தாலும் அசையாமல், உடையக்கூடிய சாமானைப் போலத் தானே உட்கார்ந்திருப்பார். குழந்தை அழுதால் உடனே யாராவது எழுந்து வாங்கிக்கொள்வார்கள். எழுந்து நடந்தால்தானே சமாதானமாகும். நடக்கிற வேலை அவருக்கு இல்லையே.

இரண்டு மாதம் இப்படியே ஓடியது. அவர் சும்மா இருக்கவில்லை. ஐந்து கிலோ மாவுப் பையைத் துண்டில் சுற்றி, தலைப்பக்கத்தை முழங்கை மடிப்பில் வைத்து, காலையிலும் மாலையிலும் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழகினார். தோளுக்கு ஏற்றாமல் மார்போடு வைத்துப் பழகவே ஒரு வாரம் பிடித்தது. கீழ் வீட்டுக்காரம்மா ஒருநாள் நின்று, “குழந்தை என்னங்க இவ்வளவு அமைதியா இருக்கு?” என்று கேட்டாள்.

“மாவுங்க,” என்றார் அவர்.

அன்று முதல் அவரைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கிப் போனாள்.

ஆகவே இந்தக் கடற்கரைப் பயணத்தைத்தான் அவர் நம்பியிருந்தார். குழந்தை முதன்முதலாகக் கடல் பார்க்கப் போகிறது. நூற்று எண்பத்தாறு அடியும் அவர் கையில் வந்துவிட்டால் சட்டம் தானாகச் செத்துப்போகும் என்பது கணக்கு. மகள் மனசு மாற வேண்டுமென்றால் எல்லாம் சுத்தமாக, பத்திரமாக நடக்க வேண்டும். அதனால் மூட்டை கட்டுகிற பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். முதலாளியிடம் சொல்லி, முன்னால் இரண்டு வரிசை சீட்டும் பின்னால் சாமான் பெட்டியும் உள்ள வேனையும் வாங்கிவந்தார். மகள் ஓட்டுவதாகப் பேச்சு.

ஞாயிறு விடிகாலை ஐந்தரைக்கு மகள் கீழே இறங்கி வந்தபோது பெட்டி முழுக்க ஏற்றி, கயிறு போட்டு இறுக்கியாகிவிட்டது. அவள் கயிற்றுச் சந்து வழியே எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, ரெண்டு மணி நேரம்தானே இருக்கப் போறோம்?”

“ஆமா.”

“ஏணி எதுக்கு?”

ஏணி எதற்கென்று அவருக்கும் தெரியாது. ஆனால் ஏணி இல்லாமல் ஒரு வண்டி கிளம்பி அவர் பார்த்ததில்லை. “இருக்கட்டும்,” என்றார்.

கடற்கரையில் ஈ காக்கை இல்லை. ஊருக்கு ஒதுக்குப்புறமான இடம். கடை கிடையாது, விளக்குக் கம்பம் கிடையாது, குளிக்கிறவர்களும் வர மாட்டார்கள். தூரத்தில் ஒருவர் தூண்டில் போட்டுவிட்டு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் நாயோடு நடந்துகொண்டிருந்தார். அவ்வளவுதான். மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதினாலு படியும் தானே இறங்கி, மணலில் நின்று ஆழமாக மூச்சை இழுத்தாள். குழந்தை கண் விழித்தது. கடலைப் பார்க்கவில்லை. அம்மா முகத்தைப் பார்த்தது. வாயைக் கோணியது. அழ ஆரம்பித்தது.

“பசி வந்திடுச்சு. அப்பா, பால் புட்டியை எடுங்க. பவுடரும் வெந்நீரும் என் பையிலயே இருக்கு.”

அவர் வேனைத் திரும்பிப் பார்த்தார்.

“புட்டி எங்கப்பா?”

“பத்திரமா இருக்கும்மா.”

“எங்க?”

சாமான் ஏற்றுவதில் ஒரு முறை உண்டு. கண்ணாடிச் சாமான் எல்லாவற்றிலும் முதலில் ஏற வேண்டும். டிரைவர் முதுகுப் பக்கம், நட்டநடுவில். அங்கேதான் குலுக்கல் குறைவு. அதைச் சுற்றி மெத்தை, அதற்குப் பிறகு மரச்சாமான், கடைசியில் வாளி, ஏணி. முதலில் ஏறியது கடைசியில்தான் இறங்கும். அவர் முப்பத்து நாலு வருஷமாக ஒரு கண்ணாடி டம்ளரைக் கூட உடைத்ததில்லை என்றால் அது இந்த முறையால்தான். நேற்று ராத்திரி மனைவி புட்டியைக் கொண்டுவந்து, “இதுதான் ரொம்ப முக்கியம், ஜாக்கிரதை,” என்று வேறு சொல்லிவிட்டாள். அவர் ஜாக்கிரதையாக இருந்துவிட்டார்.

“கடைசியில இருக்கு,” என்றார்.

“கடைசின்னா?”

“எல்லாத்துக்கும் பின்னாடி.”

மகள் வாயைத் திறந்தாள். குழந்தையின் சத்தத்தில் அவள் சொன்னது காதில் விழவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

அவர் கயிற்றில் பாய்ந்தார். அவர் போட்ட முடிச்சு. குலுங்கக் குலுங்க இறுகுகிற முடிச்சு. ஷெட்டில் வேறு யாருக்கும் அதை அவிழ்க்க வராது என்பது அவர் பெருமை. இன்றைக்கு அவருக்கும் வரவில்லை. மாப்பிள்ளை ஓடிவந்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, லென்ஸ் பொருத்துகிற நிதானத்தோடு முடிச்சைக் குடைந்தார்.

“நாலு நிமிஷம் ஆச்சு மாமா.”

“எது?”

“அழ ஆரம்பிச்சு.”

“மாப்ளே, வாட்சைப் பாக்காதீங்க, முடிச்சைப் பாருங்க!”

முடிச்சு விட்டது. ஏணி இறங்கியது. வாளி, குளிக்கிற தொட்டி, மடக்கு நாற்காலி நாலு, மேஜை, குடை, மடக்குத் தொட்டில், சின்ன மெத்தை இரண்டு எல்லாம் படியிறங்கி மணலுக்கு வந்தன. அவசரத்திலும் அவருக்குச் சாமானை விசிறிப் போட வராது. வாளியும் தொட்டியும் ஒரு மூலையில் சேர்ந்து நின்றன. மேஜையைச் சுற்றி நாலு நாற்காலியும் முறையாக உட்கார்ந்தன. தொட்டிலும் மெத்தையும் தள்ளி, மறைவாக, குடைக்குப் பின்னால் போயின. பத்து நிமிஷத்தில் மணலில் ஹால் இருந்தது, படுக்கையறை இருந்தது, குளியலறை இருந்தது. மேலே கூரை மட்டும்தான் பாக்கி.

நாயோடு வந்தவர் நின்றுவிட்டார். நாய் நேராகக் குளியலறைக்குள் போனது.

“வாடகைக்கா, சொந்தமா?” என்று நாய்க்காரர் மரியாதையாகக் கேட்டார்.

“தண்ணி வசதி நல்லா இருக்குன்னு சொன்னாங்க, வந்துட்டோம்,” என்றாள் மனைவி. “உங்க நாயைக் கூப்பிடுங்க, தொட்டியை மோந்து பாக்குது.”

கடைசியில் அட்டைப்பெட்டி வந்தது. மேலே ‘உடையும். இந்தப் பக்கம் மேலே’ என்று அவர் கையெழுத்து. உள்ளே ஒரு துண்டு. துண்டுக்குள் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள். அதற்குள் நியூஸ்பேப்பர். அதற்குள் இன்னொரு துண்டு. அதற்குள் மறுபடி நியூஸ்பேப்பர். குழந்தை ஒரு நொடி அழுகையை நிறுத்தி இதையெல்லாம் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கியது. புட்டி வெளியே வந்தது.

“பதினாறு நிமிஷம்,” என்றார் மாப்பிள்ளை.

மகள் புட்டியை வாங்கி மேஜை மேல் தட்டிக் காட்டினாள். டொக் டொக் என்றது.

“பிளாஸ்டிக்பா இது.”

அவர் குனிந்து பார்த்தார். பிளாஸ்டிக்தான். அவர் மகளுக்குப் பால் கொடுத்த காலத்தில் கண்ணாடி. அதற்குப் பிறகு புட்டி மாறிவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஹாலில் போய் உட்கார்ந்து பால் கொடுக்க ஆரம்பித்தாள். அவர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். போயிற்று. இனிமேல் பேத்தி காலேஜுக்குப் போகும்போது பையைத் தூக்கிக்கொண்டு கூட நடக்க விட்டால் உண்டு என்று தோன்றியது. மனைவி அவித்த முட்டை ஒன்றை நீட்டினாள். அவர் வேண்டாமென்று தலையாட்டினார். அவள் தானே தின்ன ஆரம்பித்தாள்.

குழந்தை குடித்து முடித்து, ஒரு ஏப்பம் விட்டு, உலகத்தில் எதுவுமே நடக்காதது போலக் கையை ஆட்டியது. மகள் அதைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“வாங்க, தண்ணிக்குப் போகலாம்.”

அவர் எழுந்து பக்கத்தில் போனார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நான் தூக்கறேன்னு சொல்லலைம்மா. முன்னாடி நடந்து வழி மட்டும் சொல்றேனே. குழந்தையைத் தூக்கிட்டு நடந்தா உனக்குக் கீழ கால் தெரியாது. மணல்ல பள்ளம் இருக்கு, சிப்பி இருக்கு.”

அதுவும் அவர் தொழில்தான். பீரோவைத் தூக்கி வருகிறவனுக்குத் தன் பாதம் தெரியாது. அவனுக்கு முன்னால் ஒருத்தர் அவன் காலைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து வழி சொல்ல வேண்டும். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

மகள் அவர் முகத்தைப் பார்த்தாள். கொஞ்சம் இளகியது.

“சரி. வாய் மட்டும்தான். கை கூடாது.”

“கையைக் கட்டிட்டேன் பாரு.”

கிளம்பினார்கள். அவர் கடலுக்கு முதுகைக் காட்டி, மகள் காலடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னால் பின்னால் போனார்.

“வா. வா. நிதானம். இடது பக்கம் சிப்பி. ஒரு அடி தள்ளி வை. சபாஷ். பள்ளம் வருது, விரல்கடை ஆழம்தான். வா. கயிறு கிடக்கு, தாண்டு. ஈர மணல் ஆரம்பிக்குது, வழுக்காது, குதிகாலை ஊன்று. வா. வா...”

நன்றாகத்தான் போயிற்று. ஒரு விஷயம்தான். மாடிப்படியில் அவர் பின்பக்கமாக இறங்கும்போது அவருக்குப் பின்னால் இன்னொருத்தன் நின்று, எங்கே நிற்க வேண்டும் என்று அவருக்குச் சொல்வான். இங்கே அவருக்குப் பின்னால் கடல் மட்டும்தான் இருந்தது.

பாதம் நனைந்தது. அவர் கவனிக்கவில்லை. கணுக்கால் நனைந்தது. மகள் காலிலிருந்து கண்ணை எடுக்காமலே அதட்டினார்.

“யாருப்பா அது, குழாயைத் திறந்து விட்டது? மூடு மூடு, சாமான் வருதில்ல!”

மகள் நின்றுவிட்டாள். “அப்பா,” என்றாள். “அப்பா, அது...”

பின்னங்காலில் ஒரு சின்ன அலை வந்து தட்டியது. பெரிய அலை கூட இல்லை, முழங்கால் உயரம். ஆனால் எதிர்பார்க்காத இடத்தில் தட்டினால் பீரோவே சாயும். அவர் கை கட்டியபடியே, மூட்டை இறங்குவது போல நேராக, தண்ணீரில் உட்கார்ந்தார். நுரை மார்பு வரை ஏறி, தோளில் ஒரு பாசித்துண்டை வைத்துவிட்டுத் திரும்பிப் போனது. அப்படியிருந்தும் வாய் நிற்கவில்லை.

“நில்லு! அங்கேயே நில்லு! இங்க தண்ணி இருக்கு!”

மகளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு தோளால் வந்தது, பிறகு எங்கிருந்தெல்லாமோ வந்தது. இரண்டு மாதமாக இரவும் பகலும் தூங்காத பெண். அத்தனை நாளும் சிரிக்காத சிரிப்பெல்லாம் வரிசை கட்டி நின்று ஒன்றன்பின் ஒன்றாக இறங்கியது. நுரை போன ஈர மணலில் அவர் எதிரே முட்டி போட்டுவிட்டாள். கை தொளதொளவென்று தளர்ந்துகொண்டே வந்தது. மாப்பிள்ளை நாற்பது அடி தள்ளி, மணல் ஏறிய கண்ணாடியைத் துடைத்தபடி நின்றிருந்தார்.

“அப்பா... பிடிங்க. பிடிங்கப்பா. என்னால முடியலை. கை நிக்கலை.”

அவர் பின்னால் கட்டிய கையை எடுத்து நீட்டினார். எடுக்கலாமா என்ற சந்தேகத்தோடுதான் நீட்டினார்.

“உட்கார்ந்துதான் இருக்கேன்,” என்றார்.

அதற்கு மகள் இன்னும் சிரித்தாள். குழந்தை கை மாறியது. தலை முழங்கை மடிப்பில், உடம்பு மார்போடு. மாவுப் பை சொல்லிக் கொடுத்த மாதிரியே சரியாக வந்து உட்கார்ந்தது. அடுத்த அலையின் கடைசி நுரை வந்து குழந்தையின் வலது குதிகாலை மட்டும் தொட்டுவிட்டுப் போனது. குழந்தை அழவில்லை. யாரோ ரகசியம் சொன்னது போலக் காலைத் தூக்கிக்கொண்டு தாத்தாவைப் பார்த்தது.

அவர் மகளைப் பார்த்தார். “எழுந்துக்கவா?”

மகள் கண்ணைத் துடைத்தாள். “பின்ன, அங்கேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? எழுந்து நடங்கப்பா.”

கையை ஊன்றாமல் அவர் எழுந்ததை மாப்பிள்ளை பிற்பாடு கடையில் நாலு பேரிடம் சொன்னாராம். முதலில் ஒரு கால் மடங்கியது, பிறகு முதுகு நிமிர்ந்தது, பிறகு ஆளே தண்ணீருக்குள்ளிருந்து லிப்ட் மாதிரி மேலே வந்தார். குழந்தையின் தொப்பி கூட ஆடவில்லை. முப்பத்து நாலு வருஷமாக இரண்டு கையிலும் சாமானோடு எழுந்து பழகியவருக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் வீட்டில் யாரும் அவர் வேலை செய்வதை அதுவரை நின்று பார்த்ததில்லை.

அவர் நடந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, படிவரை நடந்தார். படியில் ஏறினார், இறங்கினார். மறுபடி தண்ணீர் வரை வந்தார். மனைவி ஹாலில் உட்கார்ந்தபடியே சத்தம் கொடுத்தாள்.

“ஏங்க, கடலுக்குள்ள போறீங்கன்னு நான் அப்பவே பாத்தேன். சொல்லலாம்னுதான் நினைச்சேன், வாயில முட்டை.”

“பரவாயில்லை,” என்றார் அவர். அவ்வளவு பெருந்தன்மையாக அவர் பேசி அவள் கேட்டதில்லை.

எட்டரை மணிக்கு வெயில் ஏறத் தொடங்கியது. வீட்டைக் காலி செய்ய வேண்டும். குழந்தை அவர் கையில் தூங்கிவிட்டிருந்தது. மகள் வாங்கிக்கொள்ள வரவில்லை. மேஜையில் தலை வைத்து அவளும் தூங்கிக்கொண்டிருந்தாள். அதனால் மாப்பிள்ளைதான் ஒவ்வொன்றாகப் படியேற்றினார். நாற்காலியை முதலில் போட்டார். அதன் மேல் வாளியை வைத்தார். மெத்தையை மடித்துக் கதவோரம் செருகினார். அட்டைப்பெட்டியைத் தலைகீழாக வைத்தார். கயிற்றை எடுத்து, ஷூவுக்குப் போடுகிற மாதிரி ஒரு முடிச்சைப் போட்டு, அதைப் பார்த்துத் தனக்கே நம்பிக்கை வராமல் திரும்பினார். இரண்டு வருஷத்துக்கு முன் இதே வண்டியில் ஒரு நாற்காலியைக் கோணலாக வைத்ததற்கு மாமனார் முழு லோடையும் இறக்கச் சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது.

“மாமா, சரியா ஏத்தியிருக்கேனான்னு ஒரு தடவை வந்து பாக்கறீங்களா?”

அவர் வேன் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

“எப்படி வேணா ஏத்துங்க மாப்ளே,” என்றார் மெதுவாக. “எனக்கு இப்பக் கை காலி இல்லை.”